பெற்றவர், வளர்த்தவர், வழக்கு

பிரிந்துபோன குழந்தை திரும்பக் கிடைக்கும் கதை நமக்குப் புதிதல்ல. மச்சம், தாயத்து, குடும்பப் பாட்டு, பாதி கிழிந்த புகைப்படம் என்று ஏதோ ஒன்று கடைசி ரீலில் வந்து சேரும். வந்ததும் இருபது வருஷ வளர்ப்பு ஒரு நொடியில் ஆவியாகிவிடும். ரத்தம் பேசும். இந்தச் சௌகரியத்தை சினிமாவின் குற்றமாக மட்டும் நான் பார்க்கவில்லை. தீவிரமாகப் படிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நம் வாசகனின் அடிமனசிலும் அது உட்கார்ந்திருக்கிறது. வேறோர் இனம், வேறொரு மொழி வளர்த்த குழந்தையைப் பற்றிய நல்ல படைப்பு கையில் கிடைத்தாலும், 'கடைசியில் யாரிடம் போகிறான்?' என்ற ஒரே கேள்வியோடுதான் நாம் பக்கத்தைப் புரட்டுகிறோம். அது நியாயஸ்தலத்தின் கேள்வி. இலக்கியம் கேட்கவேண்டிய கேள்வி அதுவல்ல என்பது என் கட்சி. சில பெரிய படைப்பாளிகளே அந்தக் கேள்வியில் சிக்கிக்கொண்டு தடுமாறியிருக்கிறார்கள். ஒருவர் அதிலிருந்து வெளியே வரும் வழியையும் காட்டியிருக்கிறார்.

நம் மரபில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. உத்யோக பர்வத்தில் கிருஷ்ணன் கர்ணனிடம் அவன் பிறப்பைச் சொல்லி, பாண்டவர்களில் மூத்தவனாக முடிசூடிக்கொள்ள அழைக்கிறான். கர்ணன் பதிலில் தத்துவம் எதுவும் இல்லை. தன்னைக் கண்டதும் ராதைக்குப் பால் சுரந்ததை, தன் மலமூத்திரத்தை அவள் எடுத்ததை, அதிரதன் தனக்கு ஜாதகர்மம் செய்வித்ததை, சூத குலத்தில் பெண் எடுத்துப் பிள்ளையும் பேரனும் கண்டதை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறான். எல்லாம் ஸ்தூலமான காரியங்கள். அன்பு என்ற சொல்லைவிட அழுத்தமானவை. வில்லிபுத்தூரார் பாரதத்தில் குந்தி வரும்போது, அவள் உண்மைத் தாய்தானா என்று பரீட்சிக்க ஒரு தெய்வ ஆடை வந்துவிடுகிறது; பொய்த் தாய் உடுத்தினால் எரித்துவிடும் ஆடை. நிரூபணம் உள்ளே நுழைந்ததும் காவியம் ஒரு படி இறங்கிவிடுகிறது என்றே எனக்குப் படுகிறது. வியாசரின் கர்ணனுக்குத் தாய் யார் என்பதில் சந்தேகமில்லை. தெரிந்த பிறகும் அது எதையும் மாற்றுவதாக இல்லை என்பதுதான் அங்கே துயரம்.

ஆனால் கர்ணனுக்கு இரண்டு வீட்டிலும் ஒரே பாஷை, தெய்வங்களும் பொது. ஜாதி என்ற சுவர் ஒன்றுதான் குறுக்கே. மொழியும் தெய்வமும் மாறிப்போன குழந்தையின் பிரச்னை வேறு தளத்தில் இருக்கிறது. அதற்கு நாம் வெளியேதான் போகவேண்டும்.

2

1764இல் கர்னல் பூக்கே என்ற பிரிட்டிஷ் சேனாதிபதி ஓஹையோ பிரதேசத்துக்குள் படையோடு போய், மஸ்கிங்கம் நதிப் பக்கத்தில் டெலவேர், ஷானி இனத்தவரோடு சமாதானம் பேசினார். அவர்கள் சிறைபிடித்து வைத்திருந்த வெள்ளையர் அத்தனை பேரையும் ஒப்படைக்கவேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. இருநூறுக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். இதை விவரித்து மறுவருஷமே பிலடெல்பியாவில் வில்லியம் ஸ்மித் வெளியிட்ட நூல் வெற்றியைக் கொண்டாடத்தான் எழுதப்பட்டது. அந்த நூலே ஒரு சங்கடமான விஷயத்தையும் பதிவு செய்கிறது. 'மீட்கப்பட்டவர்'களில் சிலரைக் கட்டிப்போட்டுத்தான் கொண்டுவந்து ஒப்படைக்க முடிந்தது. சில பெண்கள் பிற்பாடு தப்பித்து இந்தியக் கிராமங்களுக்கே ஓடிப்போனார்கள். இதற்குப் பதினொரு வருஷம் முன்பே, 1753இல், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் வியந்து சொல்லியிருந்தார்: இந்தியர்களிடையே கொஞ்ச காலம் வாழ்ந்த வெள்ளையரைப் பணம் கொடுத்து மீட்டுவந்தாலும், நம் வாழ்க்கை அவர்களுக்குக் கசந்துபோய், சமயம் பார்த்துக் காட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள் என்று.

இந்தச் சரித்திரத்தை எடுத்துக்கொண்டு கான்ராட் ரிக்டர் 1953இல் எழுதிய நாவல் 'தி லைட் இன் தி ஃபாரஸ்ட்'. நாலு வயசில் பிடித்துச் செல்லப்பட்ட ஜான் பட்லரை, செத்துப்போன தன் மகனின் இடத்தில் வைத்து வளர்க்கிறான் கைலோகா என்ற லெனாப்பே. மெய்ம்மகன் என்று பொருள்படும் பெயர் வைக்கிறான். பதினைந்து வயசில், பூக்கேயின் நிபந்தனைப்படி, சஸ்க்வஹானா நதிக்கரையில் பாக்ஸ்டன் கிராமத்தில் இருக்கும் பெற்றோரிடம் அவன் கொண்டுபோய்ச் சேர்க்கப்படுகிறான். ரிக்டர் செய்யும் முதல் நல்ல காரியம், வெள்ளையர் வீட்டை அந்தப் பையனின் கண்ணால் பார்த்திருப்பது. கூரை மூச்சுமுட்டுகிறது. பூட்ஸ் காலைக் கடிக்கிறது. 'நாகரிகம்' என்பது உடம்பின் மேல் நடத்தப்படும் வன்முறையாக நமக்குப் புலனாகிறது. இரண்டாவது, அந்தக் கிராமத்தின் கையில் ரத்தம் இருப்பதை அவர் மறைக்கவில்லை. 1763 டிசம்பரில் பாக்ஸ்டன் ஆட்கள் அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்த கானஸ்டோகா இந்தியர் இருபது பேரைக் குழந்தைகள் உள்பட வெட்டிக் கொன்றது சரித்திரம். பையனின் சொந்த உறவினன் ஒருவனே அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

இவ்வளவும் சரி. நாவல் கெட்டுப்போவது முடிவில். பையன் கைலோகாவிடம் ஓடிவருகிறான். இந்தியர்கள் ஒரு படகை வளைக்க அவனையே தூண்டில் இரையாக ஆற்றில் நிறுத்துகிறார்கள். படகில் ஒரு குழந்தை. அதன் முகத்தில் தன் தம்பியின் சாயல். வாய் தன்னையறியாமல் எச்சரித்துவிடுகிறது. குலம் அவனுக்குத் தண்டனை பேசுகிறது. கைலோகா உயிரை மட்டும் காப்பாற்றி, வெள்ளையர் பாதையில் கொண்டுபோய் விட்டு, இனி நாம் பகைவர் என்று சொல்லித் திரும்பிவிடுகிறான். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. நடுவில் ஒரு ஆறு.

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் இந்த முடிவை மெச்சிப் பாடம் நடத்துகிறார்கள். எனக்கு இது ஆசிரியர் தராசுத் தட்டுகளைச் சமன் செய்யப் பட்ட பாடாகத்தான் தெரிகிறது. இரண்டு பக்கமும் கொடுமை, இரண்டு பக்கமும் அன்பு, ஆகவே பையன் நடுவில். இந்த ஆகவே எங்கிருந்து வந்தது? கட்டிப்போட்டுத்தான் கொண்டுவர முடிந்த அந்த மனிதர்கள் நடுவில் நிற்கவில்லை. அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டிலிருந்து பிடுங்கப்பட்டார்கள். 'இரண்டு குடும்பங்களுக்கிடையே கிழிபடுகிறான்' என்பது பெரும்பாலும் பெற்ற குடும்பம் தன் இழப்புக்கு வைத்துக்கொள்ளும் பெயர். குழந்தைக்கும் அதே பிளவு இருக்கும் என்று நாவலாசிரியன் நிரூபிக்காமலே எடுத்துக்கொள்கிறான். தம்பி சாயல் தெரிந்த அந்தக் குழந்தை முகம் நம் சினிமா மச்சத்தின் நாசூக்கான வடிவம்தான். கைலோகா பதினொரு வருஷம் ஊட்டியதைவிட, சில மாதங்கள் பார்த்த ஒரு முகச்சாயலுக்கு அதிக பலம் இருப்பதாக ரிக்டர் நம்பச் சொல்கிறார். சொல்லிக்கொள்ளாமல் ரத்தத்தின் கட்சிக்குப் போய்விட்டார்.

3

ரத்தத்தின் கட்சியை நேருக்கு நேர் எதிர்த்தவர் பிரெக்ட். ஒரு குழந்தை, இரண்டு தாய், ஒரு நீதிபதி என்ற அமைப்பு மிகப் பழசு. சாலமோன் கதையில் இருக்கிறது. மகா உம்மக்க ஜாதகத்தில் தரையில் கோடு கிழித்துக் குழந்தையை இழுக்கச் சொல்லும் மகோசதன் தீர்ப்பாக இருக்கிறது. சீன நாடகத்தில் வெண்கட்டி வட்டமாக இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் குழந்தையை வலிக்குமே என்று விட்டுவிடுபவள் பெற்றவள். பிரெக்ட் 1944இல் எழுதிய 'காக்கேஷிய வெண்கட்டி வட்டம்' நாடகத்தில் அது தலைகீழ். கவர்னரின் மனைவி, கலகம் வந்து ஓடும் அவசரத்திலும் உடுப்புகளைப் பொறுக்குவதில் குழந்தையை மறந்தவள். சொத்து அவன் பெயரில் இருப்பதால் இப்போது அவன் வேண்டும் என்கிறாள். சமையல்கட்டு வேலைக்காரி குருஷா குழந்தையைச் சுமந்து மலை கடந்தவள். அவள்தான் கையை விடுகிறாள். அஸ்டாக் அவளுக்கே குழந்தையைக் கொடுக்கிறான்.

தீர்ப்பைக் கேட்டு நாம் கை தட்டுகிறோம். தட்டவேண்டியதுதான். ஆனால் பிரெக்ட் அதோடு நிறுத்தவில்லை. நாடகத்தின் முன்காட்சியில் ஒரு பள்ளத்தாக்குக்காக இரண்டு கூட்டுப்பண்ணைகள் வழக்காடுகின்றன. ஒன்று அங்கே பரம்பரையாக ஆடு மேய்த்தது. மற்றது நீர்ப்பாசனத் திட்டம் வைத்திருக்கிறது. நிலம் நீர் பாய்ச்சுபவர்களுக்குப் போகிறது. குழந்தை தாய்மை உள்ளவளுக்கு, பள்ளத்தாக்கு பயன்படுத்துபவனுக்கு. இரண்டும் ஒரே நியாயம் என்கிறார் பிரெக்ட். இங்கேதான் எனக்குத் தகராறு. ஒரே சமுதாயத்துக்குள், ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இரண்டு பண்ணைகள் பேசி முடிவு செய்யும்போது அது அழகான நியாயம். ஒருவன் படையோடு வந்து மற்றவனை வெளியே தள்ளியபிறகு, 'நான்தான் நீர் பாய்ச்சினேன், நான்தான் வளர்த்தேன்' என்று சொன்னால் அது என்ன நியாயம்? குடியேற்றக்காரர்கள் எல்லாக் கண்டங்களிலும் சொன்ன வாக்கியம் அதுதானே?

பிரெக்டுக்கு இந்தக் கேள்வி எழவில்லை. பத்து மைல் தள்ளி நின்று பதில் சொல்லும் வசதி இல்லாத ஒருவன்தான் அதை எடுத்தான்.

4

கஸ்ஸான் கனஃபானி 1936இல் ஆக்காவில் பிறந்தவர். 1948இல், பன்னிரண்டு வயசில், குடும்பத்தோடு அகதியானார். 1972 ஜூலை 8ஆம் தேதி பெய்ரூத்தில் காரில் வைத்த குண்டு வெடித்துச் செத்தார். அவரோடு அவர் சகோதரி மகளும். 'ஹைஃபாவுக்குத் திரும்பி' என்ற குறுநாவல் 1969இல் வந்தது. நான் ஆங்கிலம் வழியாகவே படித்தேன். அரபு நடையைப் பற்றி எதுவும் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. கதை எளிமையானது. 1948 ஏப்ரலில் ஹைஃபா விழுந்த நாளின் நெரிசலில், சயீதும் சபியாவும் ஐந்து மாதக் குழந்தை கல்தூனை வீட்டில் விட்டபடி துறைமுகத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு, ஜூன் 1967 யுத்தத்தில் மேற்குக் கரையும் இஸ்ரேல் வசமாகி எல்லை திறந்ததும், ரமல்லாவிலிருந்து காரில் வருகிறார்கள். கதவைத் திறப்பவள் மிரியம். போலந்திலிருந்து வந்த யூதப் பெண். அப்பாவை ஆஷ்விட்ஸில் இழந்தவள். வீட்டோடு குழந்தையும் அவளுக்கு வந்தது. அவன் இப்போது டோவ். இஸ்ரேலிய ராணுவ உடுப்பில் வரப்போகிறான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சயீதின் கண் ஒரு ஜாடியில் படுகிறது. அதில் மயிலிறகுகள். எண்ணுகிறான். ஐந்து. ஏழு இருந்தனவே என்று கேட்கிறான். டோவ் சின்ன வயசில் விளையாடித் தொலைத்திருப்பான் என்கிறாள் மிரியம். இந்த நாவலின் மொத்த பலமும் எனக்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஐந்து இறகு சயீதின் உரிமைக்குச் சாட்சி. காணாமல் போன இரண்டும் மிரியத்தின் உரிமைக்குச் சாட்சி. ஒரு குழந்தை இந்தத் தரையில் தவழ்ந்தது, எதையோ பிய்த்தது, ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு இறகை எந்த யுத்தமும் சயீதுக்குத் திருப்பித் தரமுடியாது.

மிரியத்தை அரக்கியாக்குவது கனஃபானிக்கு எவ்வளவு சுலபம் என்பதை யோசிக்கவேண்டும். அவர் ஒரு போராட்ட இயக்கத்தின் பேச்சாளர். சியோனிய இலக்கியத்தைப் பற்றித் தனி நூல் எழுதியவர். எதிரி தன் நாவல்களில் அரபியனை எப்படிச் சித்தரித்தான் என்பதை வரிவரியாகப் படித்தவர். பதிலுக்குப் பதில் எழுதவில்லை. செத்த அரபுக் குழந்தை ஒன்றைச் சிப்பாய்கள் விறகுக்கட்டை மாதிரி வண்டியில் வீசுவதைப் பார்த்து, இந்த நாட்டைவிட்டே போய்விடலாம் என்று கலங்கிய பெண்ணாக மிரியத்தை எழுதினார். அந்தக் கலக்கத்தோடுதான் அவள் இன்னொரு அரபுக் குழந்தையை எடுத்து வளர்த்திருக்கிறாள்.

பையனே தேர்ந்தெடுக்கட்டும் என்கிறாள் மிரியம். சபியா உடனே சம்மதிக்கிறாள். ரத்தமும் சதையும் கூப்பிட்டால் மறுக்கமுடியாது என்று நம்புகிறாள். சயீதுக்கு நம்பிக்கை இல்லை. எந்தக் கல்தூன்? இருபது வருஷமாக ஒவ்வொரு நாளும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இவர்கள் அல்லவா? டோவ் வருகிறான். அவனிடம் கிழிபடுதல் எதுவும் இல்லை. சில வருஷம் முன்பே வளர்ப்பு மகன் என்று சொல்லிவிட்டார்கள்; அது அவனில் எதையும் மாற்றவில்லை. விட்டுவிட்டு ஓடினீர்கள், இருபது வருஷம் அழுதுகொண்டிருந்தீர்கள் என்று குற்றம்சாட்டுகிறான். கிழிபடுகிறவர்கள் பெற்றோர்கள்.

இங்கிருந்து நாவல் விவாதமாகிறது. எல்லோரும் நீளநீளமாகப் பேசுகிறார்கள். மனிதன் என்பவன் ரத்தத்தால் அல்ல, அவன் ஏற்றுக்கொண்ட லட்சியத்தால் ஆனவன் என்ற முடிவுக்கு சயீத் வந்துசேர்கிறான். கலாபூர்வமாக இந்தப் பகுதி பலவீனம். அதை மறைத்துப் புகழ எனக்கு இஷ்டமில்லை. இன்னொரு குறையும் உண்டு. கெரில்லாக்களோடு சேரவிடாமல் தான் தடுத்து வைத்திருந்த இரண்டாவது மகன் காலித், இந்நேரம் வீட்டைவிட்டுப் போயிருக்கவேண்டுமே என்று சயீத் ஆசைப்படுவதோடு கதை முடிகிறது. கல்தூன், காலித்: இரண்டு பெயருக்கும் அரபியில் ஒரே வேர். ஒரு மகன் போன இடத்தை இன்னொரு மகனை வைத்து நிரப்பும் வேகம் சயீதுக்கு இருக்கிறது. சபியாவுக்கு? மிரியமும் சயீதும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். சபியா பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். தன் மகனைப் பற்றிய பேச்சு அவளுக்கு மொழிபெயர்ப்பில் வருகிறது. கனஃபானி இதைக் கவனித்து எழுதினாரே ஒழிய இதற்குள் இறங்கிப் பார்க்கவில்லை. லட்சியம் அவரை அவசரப்படுத்திவிட்டது.

ஆனாலும் பிரெக்ட் செய்யாத ஒன்றை அவர் செய்திருக்கிறார். குழந்தையையும் நிலத்தையும் தனித்தனியாகப் பிரித்தார். சயீத் எழுந்து போகும்போது டோவை விட்டுவிட்டுத்தான் போகிறான். வீட்டை விட்டுவிடவில்லை. நீங்கள் தற்சமயம் இங்கே இருக்கலாம், அதைத் தீர்க்க யுத்தம் வேண்டியிருக்கும் என்கிறான். வளர்த்தவளுக்குக் குழந்தை என்பதை ஒப்புக்கொண்டால், 'வளர்த்தவனுக்கு மண்' என்பதையும் ஒப்புக்கொண்டாகவேண்டும் என்ற பிரெக்டின் கணக்கு இங்கே உடைகிறது. மயிலிறகைப் பிய்க்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தப் பையன்மேல் உரிமை உண்டு. அந்த உரிமை சுவருக்கும் கூரைக்கும் நீளாது. மறுபக்கமும் அப்படியே: சயீதின் வீட்டு உரிமை அநியாயமாகத் துரத்தப்பட்டவனின் உரிமை. அதற்கு ரத்தசாட்சி தேவையில்லை. மகன் தன்னை மறுத்தாலும் அது செல்லும். ரத்தத்தின் வாதத்தைத் தன் கட்சிக்காரர்களே எதிர்பார்த்திருந்த நேரத்தில், அதை வேண்டாம் என்று தூக்கியெறிந்து எழுதியவன் கனஃபானி. இதை வெறும் பிரசார நாவல் என்று ஒதுக்குபவர்கள் அந்த விவாதப் பக்கங்களை மட்டும் படித்தவர்கள்.

5

பையனைப் பேசவைத்தால் விவாதம் வந்துவிடுகிறது. பேசவைக்காமல் இருந்தால்? போர்ஹேஸின் 'சிறைப்பட்டவன்' ஒரு பக்கம்கூட வராத கதை. 1960இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. அர்ஜென்டினாவில் இந்தியர் தாக்குதலுக்குப் பின் ஒரு சிறுவன் காணாமல் போகிறான். வருஷங்கள் கழித்து, நீலக் கண்ணுடைய ஓர் இந்தியனைப் பற்றி ஒரு சிப்பாய் சொல்ல, பெற்றோர் அவனைக் கண்டுபிடித்து அழைத்துவருகிறார்கள். தாய்மொழி அவனுக்குப் புரியவில்லை. வாசலில் தயங்கி நிற்கிறான். திடீரென்று கத்திக்கொண்டு உள்ளே ஓடி, சமையலறைப் புகைபோக்கிக்குள் கையை விட்டு, குழந்தையில் தான் ஒளித்துவைத்திருந்த கொம்புப்பிடிக் கத்தியை எடுக்கிறான். பெற்றோர் அழுகிறார்கள். நம் சினிமாவானால் சுபம் போட்டுவிடலாம். போர்ஹேஸ் இன்னும் ஓரிரு வாக்கியம் எழுதுகிறார். அவனால் சுவருக்குள் வாழமுடியவில்லை. ஒருநாள் தன் வெட்டவெளியைத் தேடிப் போய்விட்டான். மொழி மறந்துபோயிற்று, கைக்கு ஞாபகம் இருந்தது. கை ஞாபகம் வைத்திருந்ததால் ஆள் திரும்பிவிடவில்லை. அடையாளம் காணுதல் வேறு, திரும்புதல் வேறு. அந்தக் கணத்தில் அவனுக்கு என்ன நேர்ந்தது என்று அறிய ஆசைப்படுவதாகச் சொல்லிவிட்டு, அறிந்ததாகப் பாவனை பண்ணாமல் போர்ஹேஸ் விலகிக்கொள்கிறார். ரிக்டருக்கு இல்லாத அடக்கம் இது.

கடைசியாக, யாரும் புனையாத ஒரு பதில். 1704 பிப்ரவரியில் மாசசூசெட்ஸில் டீர்ஃபீல்ட் ஊர் தாக்கப்பட்டபோது, பாதிரியார் ஜான் வில்லியம்ஸின் ஏழு வயது மகள் யூனிஸ் பிடித்துச் செல்லப்பட்டாள். தாய் வழியிலேயே கொல்லப்பட்டாள். தந்தை 1706இல் விடுதலையாகி வந்து, தன் மீட்சியை வைத்துப் புகழ்பெற்ற நூலும் எழுதினார். மகள் மாண்ட்ரீல் அருகே கானவாகேயில் மொஹாக் குடும்பத்தில் வளர்ந்தாள்; கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தாள்; ஆங்கிலம் மறந்துபோயிற்று. 1713இல் மொஹாக் ஒருவனை மணந்தாள். அதே வருஷம் ஆல்பனியிலிருந்து ஷைலர் என்பவர் போய், அப்பாவைப் பார்க்க வா என்று மொழிபெயர்ப்பாளர்கள் வழியாக நெடுநேரம் மன்றாடினார். அவள் நெடுநேரம் மௌனமாக இருந்து, மொஹாக்கில் இரண்டே சொல் சொன்னாள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'ஒருவேளை இல்லை.' இந்தியர்களிடையே அது திட்டவட்டமான மறுப்பு என்று ஷைலர் தன் குறிப்பில் விளக்கம் எழுதிக்கொண்டார்.

அவர் விளக்கம் சரியாகவே இருக்கலாம். நாகரிகமாக மறுக்கும் வழக்கம் எல்லா மொழியிலும் உண்டு. ஆனால் 1740லும் அதற்குப் பிறகும் அவள் கணவனோடு வந்து தன் அண்ணனைப் பார்த்தாள், தங்கினாள், திரும்பிப் போனாள். 1785இல், எண்பத்தொன்பது வயசில், கானவாகேயில்தான் இறந்தாள். நம் ரசனைக்கு இந்த வாழ்க்கையில் நாடகம் இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவே ஆற்றங்கரையில் யாரும் தனியாக நிற்கவில்லை. ஒரு பெண் தன் வீட்டிலிருந்து கிளம்பிப் பிறந்த வீட்டுக்குப் போய்வந்தாள், அவ்வளவுதான். வழக்கு நடத்த வந்தவர்களுக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' வேண்டியிருந்தது; கிடைத்ததில் ஒரு சொல்லை உதறிவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார்கள். பிற்காலத்து நாவலாசிரியர்களும் விமர்சகர்களும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். இந்த விஷயத்தை எழுதப்போகும் அடுத்த தமிழ் எழுத்தாளன் அந்த 'ஒருவேளை'யை உதறாமல் எழுதிக் காட்டட்டும். அப்படி எழுதப்பட்டால் அதை எப்படி வாசிப்பது என்று நாமும் கற்றுக்கொள்ளவேண்டியிருக்கும்.